மகான் அவருது, வீடு அக்காவுது

துவாரகாவில் எங்கள் சொசைட்டி லிப்ட் மெதுவாகத்தான் ஏறும். அதனால் அதற்குள் நடக்கும் பேச்சுகள் கொஞ்சம் நீளமாக இருக்கும். எனக்குப் பேச வராது. உள்ளே யாராவது இருந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு அடுத்த தடவைக்குக் காத்திருப்பேன். போன மாதம் அப்படிக் குனிவதற்குள், டி.வி. சேனலில் வேலை பார்க்கும் கவிதா கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க அங்கிள், இடம் இருக்கு" என்றுவிட்டாள்.

உள்ளே அவள் கணவரும் இருந்தார். லண்டனில் பெரிய பதவியில் இருந்த ஒருவர், வாங்கிய வீட்டுக்குக் கட்டவேண்டிய வரியைக் குறைத்துக் கட்டிவிட்டார் என்று அங்கே ரகளையாம். அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள் ஹவுஸ் டேக்ஸ் ஆபீஸ்லதான இருந்தீங்க? நம்ம டில்லில இப்படி வீட்டு வரிக்காக ஒரு பொலிடிஷியன் மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டாள் கவிதா.

"ஒருத்தர் மாட்டினார்மா. அவரும் லண்டன்காரர்தான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் என் மாடி வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். கதவு மூடும்போது, "சீரியல்ல தொடரும் போடற மாதிரி போறார் பாரு" என்று கணவர் சொல்வது கேட்டது.

மறுநாள் கவிதா வீட்டுக்கே வந்து, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போடும் பொங்கல் மலருக்கு அந்தக் கதையை எழுதித் தரச் சொன்னாள். "நீங்க பேசவே வேண்டாம் அங்கிள். எழுதினா போதும்." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. அவள் கணவர் டில்லியில் பிறந்தவர், தமிழ் படிக்க வராது. வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவருக்காகவே இனி தொடரும் போடாமல் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். டில்லிக்கு வந்த புதிதில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எங்கள் ஊர்க்காரர் கடையில் புளி மூட்டையும் அப்பளக் கட்டும் தூக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்கு முருங்கைக்காய் வாங்க வரும் ஒரு ஹெட்கிளார்க் தயவால், மேற்கு டில்லியில் ஹவுஸ் டேக்ஸ் ஆபீசில் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானேன். முட்டிவலி வந்து விருப்ப ஓய்வு வாங்கும்வரை ஒரே வேலைதான். அளக்கும் டேப்பின் நுனியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மறுபக்கத்தை இன்ஸ்பெக்டர் இழுத்துக்கொண்டு போவார். எண்கள் எல்லாம் அவர் பக்கம். என் பக்கம் எப்போதும் பூஜ்யம். கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் அரசாங்கத்தில் கிடையாது.

முதல் நாள் என்னை அழைத்துப் போனவர் பத்ரா சாஹிப். ஒல்லியான பஞ்சாபி, இன்ஸ்பெக்டர். கடைசிவரை அவரோடுதான் இருந்தேன். முருகேசன் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை, முர்கேஷ் ஆக்கிவிட்டார். முர்கா என்றால் இந்தியில் சேவல் என்று எனக்குத் தெரிந்தபோது ஆபீஸ் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

அன்று காலை அவர், "சல் முர்கேஷ், மகான் தேக்னா ஹை" என்றார். எனக்கு அப்போது 'சல்' என்றால் கிளம்பு என்று தெரியும், 'தேக்னா' என்றால் பார்ப்பது என்று தெரியும். மகான் தமிழிலேயே தெரியும். வேலை தொடங்கும் முன் ஒரு மகானைப் பார்த்து ஆசீர்வாதம் வாங்குவது இந்த ஆபீஸ் வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டேன். குழாயில் முகம் கழுவிச் சட்டைப்பையில் இருந்த விபூதியைப் பூசிக்கொண்டேன். முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றேன். உள்ளேயிருந்து பனியனோடு ஒருவர் வந்தார். நல்ல பருமன், முகத்தில் களை. காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பதறிப்போய் எனக்கு லட்டு கொடுத்தார்.

அடுத்த வீட்டிலும் அப்படியே செய்தேன். அங்கிருந்தவர் மகான் மாதிரி இல்லை, வாயில் பல் குச்சி வைத்திருந்தார். இருந்தாலும் நமக்கு என்ன தெரியும் என்று தொட்டுவிட்டேன். வெளியே வந்ததும் பத்ரா சாஹிப், "எதுக்கு எல்லார் காலையும் தொடற? வரியைப் பயங்கரமா ஏத்தப் போறோம்னு நெனச்சுப் பயப்படறாங்க" என்றார்.

"நீங்கதான சாஹிப் மகான்னு சொன்னீங்க" என்றேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆளே இல்லை. சிரிப்பு வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துவிட்டுச் சுவரைத் தட்டி, "மகான்" என்றார். கதவைத் தட்டி, "மகான்" என்றார். "கட்டடம். செங்கல், சிமென்ட். இதுக்குக் காலைத் தொடணும்னா அஸ்திவாரத்தைத் தோண்டணும். போய்ச் செருப்பைப் போடு."

அப்படித் தொடங்கிய எனக்குச் சில வருடங்களில் மகான் என்றால் கட்டடம் மட்டும்தான் என்றாகிவிட்டது. டில்லித் தமிழர்கள் பாதிப் பேர் இப்படித்தான். வீட்டிலும் 'மகான் சொந்தக்காரர் வந்தாரா, அந்த மகான் இடிச்சுட்டாங்களா' என்றே பேசுவோம். ஊரிலிருந்து வந்த என் மச்சினன் ஒரு வாரம் கேட்டுவிட்டு, "டில்லிக்கு வந்து நல்ல பக்தி வந்துருச்சு மாமா உங்களுக்கு. ஆனா மகானை எதுக்கு இடிக்கிறாங்க?" என்றான்.

இனி பத்ரா சாஹிப்பின் வழக்கத்தைச் சொல்லவேண்டும். வீட்டுக்குச் சொந்தக்காரரே குடியிருந்தால் வரி குறைவு. வாடகைக்கு விட்டிருந்தால் கூடுதல். பெண் பெயரில் இருந்தால் சலுகை. ஆகவே யாரைக் கேட்டாலும் 'நாங்களே குடியிருக்கிறோம்' என்பார்கள். குடித்தனக்காரருக்கும் அப்படிச் சொல்லிக் கொடுத்து வைத்திருப்பார்கள். பத்ரா சாஹிப் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். சோபாவில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கிளாஸ் தண்ணி கிடைக்குமா?" என்பார்.

அவ்வளவுதான். பிறகு வேடிக்கை பார்ப்பார். வீட்டுக்காரர் என்றால் பேச்சை நிறுத்தாமல் எழுந்து போவார், சமையலறையிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டு திரும்பி வருவார். குடித்தனக்காரர் என்றால் பிரிட்ஜிலிருந்து பாட்டிலை அப்படியே கொண்டு வந்து நிற்பார். சொந்தக்காரர் அன்றைக்கு மட்டும் வந்து உட்கார்ந்திருந்தால் அலமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்கும். பூட்டிக் கிடந்த வீடு என்றால் குழாய் முதலில் இருமும். பத்ரா சாஹிப் காதை வைத்தே எழுதிவிடுவார்.

ஆனால் அந்தத் தண்ணீரை அவர் குடித்ததில்லை. கண்ட தண்ணீரும் வயிற்றுக்கு ஆகாது என்பார். வாங்கி, "முர்கேஷுக்குத் தாகம்" என்று என்னிடம் நீட்டிவிடுவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேற்கு டில்லியில் எந்தத் தெருத் தண்ணீர் உப்பு, எந்தத் தெருவில் டேங்க் கழுவி வருஷமாகிறது என்று என் நாக்குக்குத் தெரியும். இன்றைக்கு எல்லாரும் கம்ப்யூட்டரிலேயே கணக்குக் காட்டி வரி கட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு வந்தது அந்த ஜனக்புரி வீடு.

மேலிடத்திலிருந்து பத்ரா சாஹிப்புக்கு உத்தரவு. இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் லண்டன் பார்லிமெண்டில் மெம்பராக இருக்கிறார். இங்கே கட்டும் வரியில், சொந்தக்காரரே குடியிருக்கிறார் என்று சலுகை வாங்கப்பட்டிருக்கிறது. லண்டனிலிருந்து ஒரு பத்திரிகை அதைப் பற்றிக் கேட்கிறது. போய்ப் பார்த்துச் சொல்.

போனோம். மாடி இல்லாத பழைய வீடு. இரண்டு பக்கமும் நான்கு மாடி எழுந்துவிட்டதால் நடுவில் உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது. கேட் தூணில் சிமென்ட் எழுத்தில் 'பிரேம் நிவாஸ்' என்று பெயர். கதவைத் திறந்தவர் பிம்லா ஜீ. பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காருங்கள் என்று அவர் சொன்ன குரலில் நானும் உட்கார்ந்துவிட்டேன். வேறு எந்த வீட்டிலும் நான் உட்கார்ந்ததில்லை.

சுவரில் ஒரு பெரிய படம். தலைப்பாகை, மார்பு வரை தாடி, மூடியும் மூடாத கண், சந்தனக் கட்டை மாலை. என் கை தானாகக் குவிந்தது.

"கும்பிடாதே தம்பி. அது எங்க தாத்தாவோட தம்பி. சீட்டாட்டத்துல மாமனாரோட எருமையையே ஜெயிச்சவர். தாடி வெச்சா எல்லாரும் சாதுதான்" என்றார் பிம்லா ஜீ. "என் தம்பிக்கு இவர்னா உசிரு, சின்ன வயசுல அவன்தான் மாட்டினான். கழட்டினா சுவரும் சேர்ந்து வரும்னு விட்டு வெச்சிருக்கேன்."

(பிம்லா ஜீ பேசியதெல்லாம் பஞ்சாபி கலந்த இந்தி. நான் எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.)

பத்ரா சாஹிப் தண்ணீர் கேட்டார். பிம்லா ஜீ கண்ணை மூடிக்கொண்டு எழுந்து போயிருந்தாலும் கொண்டு வந்திருப்பார். தண்ணீர் நன்றாக இருந்தது.

"இங்க குடியிருக்கறது நீங்க. வீடு யார் பேர்ல?" என்றார் பத்ரா சாஹிப்.

"பிட்டூ பேர்ல. லண்டன்ல பெரிய ஆளு, இங்க தெருவுக்கே பிட்டூ. அப்பா கட்டின வீடு. பொண்ணு எப்படியும் கல்யாணம் ஆகிப் போயிடுவா, பையன்தான் இருப்பான்னு அவன் பேர்ல எழுதினார். போனது பையன். இருக்கிறது நான்."

"வரி கட்டறப்ப சொந்தக்காரர் குடியிருக்கார்னு போட்டிருக்கீங்களே."

"அவனோட கிரிக்கெட் பேட் பரண்ல இருக்கு. அவன் நிச்சயதார்த்தக் கோட்டு பீரோல இருக்கு. நான் பாதி இடத்துலதான் குடியிருக்கேன். மீதியில அவன்தான் குடியிருக்கான்."

பத்ரா சாஹிப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு லண்டன் விஷயத்தை விளக்கினார். அங்கே பிட்டூ ஒரு பிளாட் வாங்கியிருக்கிறார். உலகத்தில் வேறு எங்கே வீடு வைத்திருந்தாலும் அங்கே அதிக வரி கட்டவேண்டும். எனக்கு வேறு வீடே இல்லை, ஜனக்புரி வீடு அக்காவுடையது என்று சொல்லிக் குறைவாகக் கட்டியிருக்கிறார். இங்கே இந்த வீட்டில் அவரே குடியிருக்கிறார். அங்கே இந்த வீடே அவருக்கு இல்லை.

பிம்லா ஜீ நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் பில்டர் வந்து அளந்துட்டுப் போனானா. அடுத்த வாரம் பிட்டூ வர்றான். வித்துட்டா வம்பே இல்லைல்ல அவனுக்கு. எனக்கு எங்கயாவது ஒரு ரூம் பார்த்துத் தர்றேன்னான், ஏதோ பாசத்துல சொல்றான்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "ரூம்" என்று தனியாக ஒருமுறை சொன்னார்.

சட்டப்படி பத்ரா சாஹிப்புக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. சொந்தக்காரர் குடியிருக்கிறாரா இல்லையா என்று எழுதினால் முடிந்தது. ஆனால் அவர், "தம்பி வரட்டும். அவரையும் ஒரு தடவை பார்த்துட்டு எழுதறேன்" என்று எழுந்தார்.

அடுத்த வாரம் போனபோது கேட் அருகில் ஒரு இளம்பெண் தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். நம் ஊர் நிறம், குட்டைமுடி. மலையாளப் பெண் என்று நினைத்தேன். நான் வாசல் பக்கத்துச் சுவரில் டேப்பைப் பிடித்திருந்தபோது பத்ரா சாஹிப் மறுமுனையை விட்டுவிட்டார். டேப் விசிறிக்கொண்டு வந்து என் விரலில் அடித்தது. "அம்மாடி" என்றுவிட்டேன்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?" என்றாள் அந்தப் பெண்.

பெயர் தர்ஷினி. பெற்றோர் யாழ்ப்பாணம், இவள் லண்டனிலேயே பிறந்தவள். அந்தப் பத்திரிகைக்காகத்தான் வந்திருக்கிறாள். "இரண்டு நாளா நிக்கிறன் அண்ணை. இவையள் ஹிந்தியில கதைக்கினம், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. அவர் என்னோட இங்கிலீசில கதைச்சா நல்லவர் மாதிரியே கதைக்கிறார். ஹிந்தியில என்ன சொல்லுறார் எண்டு சொல்லுவீங்களோ?"

முன்பின் தெரியாத பெண் அண்ணை என்று கூப்பிட்டால் எனக்கு எப்படி மறுப்பது என்று தெரியாது. தலையை ஆட்டினேன்.

உள்ளேயிருந்து பிம்லா ஜீ பார்த்துவிட்டு, "உள்ள வாம்மா, வெயில்ல நிக்காதே" என்று கையசைத்தார். சோபாவில் இருந்த பிட்டூ எழுந்தார். நல்ல உயரம், சலவை மடிப்புக் கலையாத சட்டை, எல்லாருக்கும் பொதுவான ஒரு சிரிப்பு.

"தீதி, அது பத்திரிகைக்காரி. உள்ள விடாதே" என்றார் அக்காவிடம்.

"வீடு உன்னுதுன்னா நீ வெளிய அனுப்பு. என்னுதுன்னா நான் உட்கார வைக்கிறேன்" என்றார் பிம்லா ஜீ.

பிட்டூ வாயைத் திறந்தார். தர்ஷினி நோட்டைத் திறந்தாள். பிட்டூ வாயை மூடிக்கொண்டார். அவள் வந்து உட்கார்ந்தாள்.

பத்ரா சாஹிப் வழக்கம்போல நெற்றியைத் துடைத்தார். பிம்லா ஜீ பக்கம் திரும்பவே இல்லை. "பிட்டூ ஜீ, ஒரு கிளாஸ் தண்ணி கிடைக்குமா?"

பிட்டூ அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தார். அவர் எழுந்து போனார். முதலில் ஒரு கதவு திறக்கும் சத்தம். அது குளியலறை. பிறகு ஒரு அலமாரி. ஏதோ சரிந்து விழுந்தது. "அது போர்வை" என்றார் பிம்லா ஜீ, உட்கார்ந்தபடியே. இன்னொரு அலமாரி. "அது மருந்து." பத்ரா சாஹிப் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ரொம்ப நேரம் கழித்து பிட்டூ ஒரு செம்பைக் கொண்டு வந்தார். அதில் ஒரு செம்பருத்தி இதழ் மிதந்தது.

"சூரிய பகவானுக்கு வெச்சது. பரவாயில்லை, அவருக்கு நாளைக்கு விட்டுக்கறேன்" என்றார் பிம்லா ஜீ.

"முர்கேஷுக்குத் தாகம்" என்றார் பத்ரா சாஹிப். இதழை உதட்டால் ஒதுக்கிக்கொண்டு குடித்தேன்.

"ரிக்கார்டுல என்ன எழுதட்டும், பிட்டூ ஜீ?" என்று மெதுவாகக் கேட்டார் பத்ரா சாஹிப்.

பிட்டூ அரசியல்வாதி என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. தண்ணீர் தேடித் திணறியவர் ஒரு நொடியில் நிமிர்ந்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தர்ஷினிக்குப் புரியாத இந்தியில் சொன்னார்: "மகான் மேரா ஹை ஜீ. கர் தீதி கா ஹை."

என்ன சாமர்த்தியம் பாருங்கள். மகான் என்றால் கட்டடம். கர் என்றால் குடியிருக்கும் வீடு. கட்டடம் என்னுடையது, எப்போது வேண்டுமானாலும் விற்பேன். வீடு அக்காவுடையது, லண்டனில் என்னைக் கேட்காதீர்கள். இரண்டு தேசத்துக்கும் ஒரே வாக்கியத்தில் பதில்.

தர்ஷினி என் பக்கம் சாய்ந்தாள். "என்ன சொல்லுறார் அண்ணை?"

நான் அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "மகான் அவருதாம். வீடு அக்காவுதாம்."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "எந்த மகான்?"

இதென்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. கையைத் தூக்கி, கூரை சுவர் எல்லாம் சேர்த்துக் காட்டி, "இந்த மகான்தான்" என்றேன். கை போய் நின்ற இடத்தில் தாடிக்காரர் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். "அப்பிடியோ" என்று மரியாதையாக ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். மறுநாள் நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். "அண்ணை, எழுதுறதுக்கு முதல் சரிபார்க்க வேணும். அந்த மகான்ர பேர் என்ன?"

கேட்டில் எழுதியிருந்ததை ஞாபகப்படுத்தி, "பிரேம் நிவாஸ்" என்றேன்.

"எந்தக் காலத்து?"

"அவங்க அப்பா காலத்துது."

"பெரிய பேரோ?"

"சிமென்ட்ல பெரிசா எழுதியிருக்காங்களே" என்றேன். சத்தத்தில் அவளுக்கு அது கேட்டதோ என்னவோ.

சில நாள் கழித்து பிம்லா ஜீ எங்கள் ஆபீசுக்கு வந்தார். கையில் போன். அதில் அந்த லண்டன் பத்திரிகை. பத்ரா சாஹிப் இங்கிலீஷில் படித்து எங்களுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே போனார். பார்லிமெண்ட் மெம்பர் அவருடைய டில்லி வீட்டில் அதிகாரிகள் முன்னிலையில் உறுதியாக அறிவித்தாராம். வீடு முழுவதும் அக்காவுக்கே சொந்தம். அந்த வீட்டில் தனக்கென்று அவர் உரிமை கொண்டாடுவது ஒன்றே ஒன்றுதான். அவருடைய தந்தையார் காலத்தில் வாழ்ந்த பிரேம் நிவாஸ் என்ற மகான். பக்கத்தில் படம். தாடி, தலைப்பாகை, மாலை.

பத்ரா சாஹிப் படிப்பதை நிறுத்தினார். "முர்கேஷ், உங்க பாஷையில மகான்னா என்னன்னு மறுபடி சொல்லு."

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர் முதுகு குலுங்குவதை நானும் பிம்லா ஜீயும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்ததும், "பிட்டூ ஜீ மறுத்தாரா?" என்று கேட்டார்.

அங்கேதான் விஷயம். பிட்டூ மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்? 'அது சாது இல்லை, கட்டடம். கட்டடம் என்னுடையது என்றுதான் சொன்னேன்' என்று அவர் சொன்னால், அதோடு லண்டனில் அவர் கதை முடிந்தது. ஆகவே செய்தி ரொம்பச் சரி, என் மனத்தை அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று அங்கே பேட்டி கொடுத்துவிட்டார். மகானைப் பற்றியும் இரண்டு வார்த்தை உருக்கமாகச் சொன்னாராம். சீட்டாட்டத்தைச் சொல்லவில்லை.

"அப்போ இந்த வீட்டை என் பேருக்கு மாத்துங்க. லண்டன் பேப்பர்லயே வந்துடுச்சே" என்றார் பிம்லா ஜீ.

"பேப்பரை வெச்சு மாத்த முடியாது ஜீ. அவர் பத்திரம் பண்ணிக் கொடுக்கணும்."

பிம்லா ஜீ அங்கேயே எங்கள் மேஜைமேல் போனை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி தம்பியைக் கூப்பிட்டார்.

"பிட்டூ, நான் ஹவுஸ் டேக்ஸ் ஆபீஸ்ல இருக்கேன். நீ பேப்பர்ல சொன்னதைப் பத்திரத்துல எழுதிக் குடு."

"தீதி, அது வந்து, அதுல ஒரு சின்னத் தப்பு..."

"தப்பா? அப்போ அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லட்டுமா? என்கிட்ட நம்பர் இருக்கு."

பத்ரா சாஹிப் டேப்பை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுருட்டித்தான் இருந்தது.

"பில்டர் அட்வான்ஸ் குடுத்திருக்கான் தீதி" என்றார் பிட்டூ கடைசியில். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது.

"திருப்பிக் குடு. நானும் உனக்கு ஒரு ரூம் பார்த்துத் தர்றேன். இந்த வீட்லயே. நீ எப்ப வந்தாலும் தங்கிக்கலாம். கிளாஸ் எந்த அலமாரில இருக்குன்னு மட்டும் கத்துக்கோ."

அந்தக் குளிர்காலத்துக்குள் பிட்டூ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதற்கும் அவருக்கு அங்கே நல்ல பெயர் கிடைத்ததாம். பத்திரம் இப்போதுதான் எழுதினார் என்றால் பிளாட் வாங்கியபோது வீடு யாருடையது என்று தர்ஷினி மறுபடியும் கேட்டு எழுத, விட்டுப்போன வரியை லண்டனில் முழுக்கக் கட்டினார். கைக்கு வரவேண்டிய இலாகா ஒன்று வராமல் போயிற்று. இது தர்ஷினி போனில் சொன்னது. அவளுக்கு மகான் விஷயம் எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவளாகத்தான், "அண்ணை, அடுத்த முறை மகான் எண்டு சொல்லாமல் பில்டிங் எண்டு சொல்லுங்கோ" என்றாள். அவள் ஆசிரியர் சின்னதாக ஒரு திருத்தம் போட்டாராம். அதை யாரும் படிக்கவில்லையாம்.

பெயர் மாறிய பிறகு, கடைசியாக ஒருமுறை அளக்கப் போனோம். இப்போது சொந்தக்காரரே குடியிருக்கிறார், அதுவும் பெண். எந்தச் சலுகையையும் மறுக்க வழியில்லை. பத்ரா சாஹிப் எழுதி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் தண்ணீர் கேட்டார். பிம்லா ஜீ இரண்டு கிளாஸ் கொண்டு வந்தார். ஒன்றை நேராக என்னிடம் கொடுத்தார். மற்றதை அவர் முன்னால் வைத்து, "இதை நீங்க குடிக்கணும். எத்தனை நாளைக்கு இந்தத் தம்பி வயித்தையே வாடகைக்கு எடுப்பீங்க?" என்றார். அந்த விளையாட்டு டீச்சர் குரலில். பத்ரா சாஹிப் குடித்தார்.

சுவரில் தாடிக்காரர் இருந்த இடம் காலியாக இருந்தது. பிம்லா ஜீ சொன்னபடியே ஒரு பெரிய சில்லு காரை பெயர்ந்திருந்தது.

"படம் எங்க ஜீ?" என்று கேட்டேன். அந்த வீட்டில் நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"லண்டனுக்கு அனுப்பிட்டேன். வீட்டை எனக்குக் குடுத்துட்டான், அவன் பங்கை நான் வெச்சுக்கலாமா?" என்றார்.

போன வருஷம் தர்ஷினி எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பிட்டூ தன் ஆபீசில் உட்கார்ந்து, பொது வாழ்வில் நேர்மை பற்றிப் பேட்டி கொடுக்கிறார். அவர் தலைக்குப் பின்னால், கண் மூடியும் மூடாமலும், புது மாலையோடு, மாமனாரின் எருமையை ஜெயித்தவர்.

மகான் அவரிடம் இருக்கிறார். வீடு அக்காவிடம் இருக்கிறது. நான் சொன்ன மொழிபெயர்ப்பில் எங்கே தப்பு என்று கவிதாவின் கணவர் கண்டுபிடித்தால் லிப்டில் சொல்லட்டும். நான் குனிய மாட்டேன்.